ஆக்டேவியா ஆர்எஸ்ஸுக்குப் புது கேம்: ஏற்றியதும் அளந்ததும்

டர்போ எஞ்சினுக்கு வெளிக் கம்பெனி கேம் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு) போடப் போகிறேன் என்றதும் தெரிந்தவர்கள் எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: "எத்தனை டிகிரி?" வால்வு எவ்வளவு நேரம் திறந்திருக்கும் என்பதன் அளவுதான் அந்த டிகிரி, அது கூடினால் பவர் கூடும் என்ற கணக்கு. டர்போ இல்லாத எஞ்சினில் அது ஓரளவுக்குச் செல்லும். டர்போவில் அதே கணக்கைப் போட்டால் காசைக் கொடுத்து வண்டியை மந்தமாக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

வண்டி 2006 மாடல் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ், பிஒய் 01 நம்பர். உள்ளே இருப்பது ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் 1.8 டர்போ. 1781 சிசி, 81 மி.மீ. போர், 86.4 மி.மீ. ஸ்ட்ரோக், சிலிண்டருக்கு ஐந்து வால்வு, கம்பெனிக் கணக்கில் 150 குதிரைத் திறன். கே03 டர்போவை எடுத்துவிட்டுச் சற்றுப் பெரிய கே04 போட்டு, அதற்கேற்ற மேப்பும் (எஞ்சின் கம்ப்யூட்டரின் அமைப்பு) ஏற்கெனவே ஏற்றியிருந்தேன். வால்வு சீல் போய்க் காலையில் நீலப் புகை விட ஆரம்பித்ததால் ஹெட்டை (சிலிண்டர்களின் மேல்மூடி) எப்படியும் இறக்க வேண்டிய நிலை. இறக்குகிற ஹெட்டில் கேமையும் ஸ்பிரிங்கையும் சேர்த்தே மாற்றிவிடலாம் என்று முடிவு.

எந்த கேம் என்பதில்தான் நிறைய யோசித்தேன். எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக் முடிந்து இன்டேக் தொடங்கும் இடத்தில் இரண்டு பக்க வால்வுகளும் கொஞ்ச நேரம் ஒருசேரத் திறந்திருக்கும். ஓவர்லாப் என்பது அதுதான். டர்போ இல்லாத எஞ்சினில் வெளியேறும் புகையின் இழுவிசை புதுக் காற்றையும் சேர்த்து இழுக்கும், அதனால் ஓவர்லாப் கூடினால் மேல் ஆர்பிஎம்மில் லாபம். டர்போவில் எக்ஸாஸ்ட் வழியை டர்பைன் அடைத்துக்கொண்டு நிற்கிறது. சின்ன டர்போவை மேலே மேலே விரட்டும்போது டர்பைனுக்கு முன்னால் உள்ள அழுத்தம் இன்டேக்கில் உள்ள பூஸ்ட்டை (டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம்) தாண்டிவிடும். அந்த நேரத்தில் இரண்டு வால்வும் திறந்திருந்தால் சூடான புகை சிலிண்டருக்குள் திரும்பி வரும். புதுக் காற்றுக்கு இடம் குறையும், உள்ளே சூடு ஏறும், நாக் (எரிபொருள் நேரம் தவறி வெடிப்பது) வரும். பெரிய டர்போ போட்டு எக்ஸாஸ்ட் பக்க அழுத்தம் பூஸ்ட்டுக்குக் கீழே இருந்தால் கதை வேறு. கே04 அவ்வளவு பெரியது இல்லை. அதனால் டியூரேஷன் (முதலில் சொன்ன அந்த டிகிரி) கொஞ்சமாகவே கூடியதாக, லிஃப்ட் (வால்வு திறக்கும் உயரம்) நன்றாகக் கூடியதாக, இன்டேக் எக்ஸாஸ்ட் இரண்டின் சென்டரும் (வால்வு முழுதாகத் திறக்கும் இடம்) பிஸ்டன் உச்சியிலிருந்து 112 டிகிரியில் உள்ள கேம் ஜோடியாகப் பார்த்து வரவழைத்தேன். கேம் விலையைவிட அதன் மேல் விழுந்த சுங்கவரியைப் பார்த்துத்தான் வயிறு எரிந்தது.

வேலை நடந்தது தட்டாஞ்சாவடியில், எனக்குப் பழக்கமான அண்ணன் ஒருவரின் ஷெட்டில். டீசல் பம்ப்பில் தொடங்கி எல்லா எஞ்சினும் பார்த்தவர். கேமையும் அதோடு வந்த அளவுக் கார்டையும் கையில் வாங்கியதுமே, "தம்பி, இந்தக் கார்டுல போட்டிருக்கறத நம்பி மாட்டப் போறோமா, இல்ல அளந்து மாட்டப் போறோமா?" என்றார். அளந்துதான் அண்ணே என்றேன். "அப்ப ஷெட்ட மூடற நேரத்தக் கேக்காத" என்று சொல்லிவிட்டார்.

முதல் அளவு கேம் மேசையில் இருக்கும்போதே. இன்டேக் கேமில் பன்னிரண்டு லோப் (வால்வை அழுத்தும் முட்டை வடிவப் புடைப்பு), எக்ஸாஸ்ட்டில் எட்டு. இருபதையும் மைக்ரோமீட்டரால் உயரவாக்கில் ஒரு அளவு, குறுக்கே புடைப்பில்லாத அடிவட்டத்தில் ஒரு அளவு எடுத்து எழுதினோம். இரண்டின் வித்தியாசம்தான் லிஃப்ட். இந்த எஞ்சினில் கேம் நேராக டேப்பட்டின் (வால்வின் மேல் உட்காரும் கிண்ணம்) தலையில் அழுத்துகிறது, நடுவில் ராக்கர் இல்லை. அதனால் லோப் லிஃப்ட் எவ்வளவோ வால்வு லிஃப்ட்டும் அவ்வளவே. பழைய கேமில் இன்டேக் ஏழரை மில்லிக்குச் சற்று மேல், எக்ஸாஸ்ட் ஒன்பதே கால் சுமார். புதியதில் இன்டேக் பக்கம் ஒரு மில்லிக்கு மேல் கூடியிருந்தது. அந்தந்தப் பக்க லோப்புகள் தமக்குள் 0.03 மி.மீ. வித்தியாசத்துக்குள் இருந்தன, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அடிவட்டத்தை அளப்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பழைய கேமையே சாணை பிடித்துப் புது வடிவம் கொடுத்து விற்பவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் அடிவட்டம் சிறுத்துப் போகும். எண்ணெய் அழுத்தத்தில் நீளும் ஹைட்ராலிக் டேப்பட் அந்த இடைவெளியை ஒரு எல்லை வரைதான் நிரப்பும், அதைத் தாண்டினால் வாழ்நாள் முழுக்க டக் டக் சத்தம்தான். நமக்கு வந்தது புது வார்ப்பு, பழைய கேமின் அடிவட்டத்தோடு ஒத்துப்போனது. வி பிளாக்கில் வைத்து டயல் கேஜ் போட்டு உருட்டிப் பார்த்ததில் வளைவும் இல்லை. அளந்து முடித்ததும் மறுபடி எண்ணெய் பூசித் தாளில் சுற்றி வைத்தோம். நம்ம ஊர்க் கடல் காற்றில் வெறும் கையால் தொட்ட இடம் மறுநாளே செம்பழுப்பாகத் தெரியும்.

ஸ்பிரிங் ஏன் மாற்ற வேண்டும் என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. இன்டேக் வால்வின் தலை சுமார் 27 மி.மீ. விட்டம். பரப்பு ஐந்தே முக்கால் சதுர சென்டிமீட்டர். 1.2 பார் பூஸ்ட் அதன் முதுகில் அழுத்தினால் கிட்டத்தட்ட ஏழு கிலோ, அதுவும் வால்வைத் திறக்கும் திசையில். எக்ஸாஸ்ட் வால்வு சுமார் 30 மி.மீ. டர்பைனுக்கு முன்னால் இரண்டு பார் நின்றால் பதினான்கு கிலோவுக்கு மேல். மூடிய நிலையில் ஸ்பிரிங் கொடுக்கும் பிடியிலிருந்து இதைக் கழித்துக்கொண்டுதான் மிச்சத்தைப் பார்க்க வேண்டும். புது ஸ்பிரிங்கைப் போட்டு வால்வை முழு லிஃப்ட்டுக்கு அழுத்தி, சுருள்கள் ஒன்றோடொன்று முட்டாமல் இன்னும் ஒரு மில்லிக்கு மேல் இடம் இருக்கிறதா, ரீடெய்னரின் (ஸ்பிரிங்கை மேலே பிடிக்கும் தட்டு) அடிப்பக்கம் வால்வு சீலில் இடிக்கிறதா என்று பார்த்தோம். இரண்டுக்கும் இடம் இருந்தது.

அடுத்தது டேப்பட். ஹைட்ராலிக் டேப்பட்டை வைத்துக்கொண்டு டிகிரி அளக்க முடியாது. உள்ளே எண்ணெய் அழுத்தம் இல்லாத நேரத்தில் ஸ்பிரிங்கின் பலத்துக்கு அது மெல்ல அமுங்கும். டயல் கேஜ் முள் ஒரு இடத்தில் நிற்காது, அளவு பொய்யாகும். அதனால் பழைய டேப்பட்டில் மூன்றைப் பிரித்து, உள்ளே இருக்கும் சின்ன ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இரும்புத் துண்டு வைத்துக் கெட்டி டேப்பட்டாக மாற்றத் தீர்மானித்தோம். இந்தத் துண்டுகளைக் கடலூர் முதுநகரில் ஒரு லேத் பட்டறையில் கடைந்து வாங்கினேன். துறைமுகத்துப் படகு எஞ்சின் வேலைதான் அங்கே பிரதானம். கை அகல ஷாஃப்ட் கடைகிறவரிடம் சுண்டு விரல் நுனி அளவுத் துண்டை மில்லியில் நூற்றில் ஒரு பங்கு துல்லியத்தில் கேட்டால் சிரிக்கத்தான் செய்வார். சிரித்துக்கொண்டே சரியாகக் கடைந்து கொடுத்தார். கூடவே பழைய ஸ்பார்க் பிளக்கின் பீங்கானை உடைத்தெடுத்து நடுவில் போல்ட் இறக்கி ஒரு பிஸ்டன் ஸ்டாப்பரும்.

பழைய ஹெட் கேஸ்கெட்டை நான் எறியவில்லை. ஏற்கெனவே அமுங்கிய கேஸ்கெட் என்பதால் ஒத்திகைக்கு ஹெட்டை ஏற்றும்போது அது கிட்டத்தட்ட உண்மையான தடிமனைக் காட்டும். பழைய போல்ட்டையே போட்டு ஒத்திகைக்கு ஹெட்டை இறுக்கினோம். ஒன்றாம் சிலிண்டரில் மட்டும் கெட்டி டேப்பட்டுகள்: ஓர் ஓர இன்டேக், நடு இன்டேக், ஓர் எக்ஸாஸ்ட். மற்ற சிலிண்டர்களில் டேப்பட்டே போடவில்லை. வால்வுகள் மூடியே இருக்கும், எஞ்சினைக் கையால் சுற்றுவதும் எளிது, எதுவும் எதிலும் முட்டாது.

இந்த எஞ்சினில் டைமிங் பெல்ட் ஓட்டுவது எக்ஸாஸ்ட் கேமை மட்டும். இன்டேக் கேமை ஹெட்டின் மறுமுனையில், கியர்பாக்ஸ் பக்கம், ஒரு சின்னச் செயின் ஓட்டுகிறது. இரண்டு கேமின் செயின் பல்லிலும் ஆளுக்கொரு வெட்டுக் குறி இருக்கும். அந்த இரண்டு குறிகளுக்கு இடையே செயினில் 16 உருளைகள் இருக்க வேண்டும். எக்ஸாஸ்ட் பக்கக் குறி முதல் உருளைக்கு நேராக இல்லாமல் சற்றே உள்தள்ளி இருக்கும், அது அப்படித்தான். பதினைந்தோ பதினேழோ ஆனால் ஒரு பல் பிசகு. எண்ணி முடித்ததும் அண்ணன் என்னை எண்ணச் சொன்னார், அப்புறம் உதவிக்கு இருந்த பையனையும் எண்ணச் சொன்னார். நடுவில் இருக்கும் செயின் டென்ஷனர் என் வண்டியில் டென்ஷனர் வேலை மட்டும்தான் செய்கிறது. சில 1.8 டர்போக்களில் அதுவே இன்டேக் கேமின் டைமிங்கையும் மாற்றும். அவற்றில் அளவெடுப்பது இன்னும் கவனமான வேலை.

கேம் கேப்களை ஒரே மூச்சில் இறுக்கக் கூடாது. வால்வு ஸ்பிரிங் கேமை மேலே தள்ளிக்கொண்டிருக்கும். ஒரு பக்கம் மட்டும் இறுகினால் கேம் வளையும், வார்ப்பிரும்பு வளைவதைப் பொறுக்காது, முறியும். ஒவ்வொரு போல்ட்டாகக் கால் சுற்று, அரைச் சுற்று என்று மாறி மாறி இறக்கி, கடைசியில் 10 நியூட்டன் மீட்டர். கேப்களில் எண் இருக்கிறது, இடம் மாற்றிப் போடக் கூடாது.

இனி டிகிரி. கிராங்க் பல்லியில் டிகிரி தட்டு, பிளாக்கில் கம்பி முள். பல்லியில் உள்ள டைமிங் குறியை டிடிசி (பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடம்) என்று நம்பி அளப்பதில் அர்த்தமில்லை. டிடிசி பக்கத்தில் பிஸ்டன் சில டிகிரிக்கு அசையாதது போலவே இருக்கும், கண்ணும் டயல் கேஜும் ஏமாறும். பிளக் துளையில் ஸ்டாப்பரை இறக்கி, எஞ்சினைக் கையால் மெல்ல ஒரு பக்கம் சுற்றினால் பிஸ்டன் முட்டி நிற்கும். எதிர்ப்பக்கம் சுற்றினால் அங்கேயும் முட்டி நிற்கும். இரண்டு அளவின் நடுப்புள்ளிதான் உண்மையான டிடிசி. ஒரு பக்கம் 31, மறுபக்கம் 37 என்று காட்டியது. தட்டை மூன்று டிகிரி நகர்த்தியதும் இரண்டு பக்கமும் 34. இதைச் செய்யும்போது ஸ்டார்ட்டர் மோட்டார் பக்கமே கை போகக் கூடாது.

டயல் கேஜ் முனையை டேப்பட்டின் ஓரத்தில் வைத்து, எஞ்சினை அது ஓடும் திசையிலேயே சுற்றினோம். பின்னோக்கித் திருப்பினால் பெல்ட்டின் தொய்வு அளவில் புகுந்துவிடும். லோப்பின் உச்சியும் டிடிசி மாதிரிதான், தட்டையாக இருக்கும். அதனால் உச்சிக்கு ஒரு மில்லி முன்பும் ஒரு மில்லி பின்பும் எந்த டிகிரி என்று குறித்துச் சராசரி எடுக்க வேண்டும்.

இன்டேக்: டிடிசிக்குப் பின் 84, 144. நடு 114. கார்டில் 112.
எக்ஸாஸ்ட்: டிடிசிக்கு முன் 140, 80. நடு 110. கார்டில் 112.

இந்த நான்கு எண்களும் நிறையச் சொல்கின்றன. இன்டேக் உச்சி இரண்டு டிகிரி தாமதம். எக்ஸாஸ்ட் உச்சி டிடிசிக்கு இரண்டு டிகிரி நெருங்கி வந்திருக்கிறது, அதாவது அதுவும் இரண்டு டிகிரி தாமதம். ஆனால் 114ஐயும் 110ஐயும் கூட்டிப் பாதியாக்கினால் அதே 112. அப்படியென்றால் இரண்டு கேமுக்கும் இடையே உள்ள உறவு கார்டில் சொன்னபடியே இருக்கிறது, செயின் பக்கம் குற்றமில்லை. பிசகு முழுக்கப் பெல்ட் பக்கம். எப்போதோ ஹெட்டைச் சீவியிருக்கிறார்கள் என்பது அளந்தபோதே தெரிந்தது. ஹெட் தாழ்ந்தால் கிராங்குக்கும் கேமுக்கும் தூரம் குறைந்து கேம் சற்றுப் பின்தங்கும். ஆனால் அந்தச் சீவல் ஒரு டிகிரிகூடத் தராது. மிச்சம் பல்லியின் சாவிப் பள்ளத்திலோ புது கேமின் பள்ளத்திலோ இருக்க வேண்டும். இரண்டு டிகிரி பெரிய விஷயமா என்றால், வண்டி ஓடும், யாருக்கும் தெரியாது. ஆனால் கே04 சுற்றத் தொடங்கும் இடத்தில் ஏற்கெனவே சோம்பல். கேமும் தாமதமானால் கீழ் ஆர்பிஎம் இன்னும் கொஞ்சம் செத்துப்போகும்.

நல்லவேளையாக, கேமோடு சேர்த்து அட்ஜஸ்ட்டபிள் பல்லி ஒன்றும் வாங்கியிருந்தேன். அதில் பொறித்திருக்கும் கோடுகள் கேம் டிகிரியா கிராங்க் டிகிரியா என்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கேம் ஒரு சுற்றுக்கு கிராங்க் இரண்டு சுற்று. என்னுடையதில் கேம் டிகிரி, எனவே இரண்டு கிராங்க் டிகிரிக்கு ஒரே ஒரு கோடு முன்னே. மறுபடி அளந்தோம். 112, 112.

இதற்குப் பிறகுதான் களிமண் சோதனை. கேமை முன்னே தள்ளினால் இன்டேக் வால்வு பிஸ்டனுக்கு இன்னும் கிட்டே போகும். தள்ளுவதற்கு முன் களிமண் வைத்து அளந்து வைத்த அளவு எதற்கும் உதவாது. ஹெட்டை இறக்கி, ஒன்றாம் பிஸ்டன் தலையில் வால்வுப் பள்ளங்களை மூடி களிமண் அப்பி, மேலே எண்ணெய் தடவி, மறுபடி ஹெட்டை ஏற்றி முழுதாக இரண்டு சுற்று. களிமண் எங்கே வாங்குவது என்று ஒரு விவாதம் நடந்தது. பக்கத்திலேயே வில்லியனூர், சுடுமண் பொம்மைக்குப் பேர் போன ஊர், அங்கே கேட்டால் கிடைக்காதா என்றான் பையன். கிடைக்கும்தான், ஆனால் அந்த மண் காயக் காயச் சுருங்கும், அளவு மாறிவிடும். நேரு வீதியில் குழந்தைகள் விளையாடும் எண்ணெய்க் களிமண் வாங்கிவந்தோம்.

ஹெட்டை இறக்கிப் பார்த்தால் மூன்று வால்வின் தடமும் அதிரசத்தில் விரல் பதிந்த மாதிரி தெளிவாக விழுந்திருந்தது. பிளேடால் குறுக்கே வெட்டி, மிக மெல்லிய இடத்தை வெர்னியரில் அளந்தோம். ஓர இன்டேக் 2.6 மி.மீ., நடு இன்டேக் 2.2, எக்ஸாஸ்ட் 3.1. நடு வால்வு மற்ற இரண்டைவிட நிமிர்ந்த கோணத்தில் நிற்பதால் அதைத் தனியாகப் பார்க்க வேண்டியிருந்தது. இன்டேக்குக்கு இரண்டு மில்லி, எக்ஸாஸ்ட்டுக்கு இரண்டரை என்பது பொதுவாக வைத்துக்கொள்ளும் குறைந்தபட்சம். எக்ஸாஸ்ட்டுக்கு ஏன் அதிகம் என்றால், அது சூட்டில் நீளும், போதாக்குறைக்கு மூடிக்கொண்டிருக்கும் அந்த வால்வைப் பிஸ்டன் துரத்திக்கொண்டு வருகிறது. வேகத்தில் ஸ்பிரிங் ஒரு கணம் பின்தங்கினாலும் முட்டும். களிமண்ணில் இன்னொரு லாபம், வால்வின் விளிம்புக்கும் பள்ளத்தின் சுவருக்கும் பக்கவாட்டில் எவ்வளவு இடம் என்பதும் தெரிந்துவிடுகிறது. டயல் கேஜ் அதைச் சொல்லாது. எங்களுக்குப் பக்கவாட்டிலும் கவலைப்பட ஒன்றுமில்லை.

இறுதிப் பொருத்தலில் விவரிக்கப் பெரிதாக இல்லை. களிமண்ணைத் துளிகூட விடாமல் துடைத்து, புது கேஸ்கெட், புது ஹெட் போல்ட், புது டேப்பட் இருபதும், லோப்பிலெல்லாம் மாலிப்டினம் கலந்த பேஸ்ட். புது கேமுக்குப் பழைய டேப்பட் போட்டு மிச்சம் பிடிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. பழையதின் தலை பழைய லோப்புக்குத் தேய்ந்து பழகியிருக்கும், புது லோப்பை அது சீக்கிரமே தின்றுவிடும். இன்டேக் கேமின் முன்முனையில் இருந்த சென்சார் வளையத்தைப் பழையதிலிருந்து கழற்றி மாட்டினோம். பெல்ட்டும் அதே பெல்ட் ஓட்டும் வாட்டர் பம்ப்பும் புதிது. சம்ப்பை இறக்கி எண்ணெய் உறிஞ்சும் வலையையும் பார்த்தோம். இருபது வயதை நெருங்கும் எஞ்சினில் அந்த வலையில் கசடு சேர்ந்திருப்பது சகஜம். எங்கள் வலையிலும் கால்வாசி அடைத்திருந்தது. புது கேமுக்கு முதல் நிமிடமே எண்ணெய் பட்டினி போட்டால் செய்த எல்லாம் வீண்.

புது டேப்பட்டில் எண்ணெய் நிறைந்து அது நீண்டு நிற்கும். கேம் மாட்டியதும் உடனே ஸ்டார்ட் செய்தால் வால்வுகள் சரியாக மூடாமல் பிஸ்டனில் அடிபடும் அபாயம் உண்டு. அரை மணி நேரமாவது விட்டு அவை அமுங்க வேண்டும் என்று தயாரிப்பாளர் கையேடே சொல்கிறது. நாங்கள் ராத்திரி முழுக்க விட்டோம். காலையில் கையால் மெதுவாக இரண்டு சுற்று, எங்கும் தடங்கல் இல்லை. ஃபியூயல் பம்ப் ஃபியூஸைப் பிடுங்கி, பிளக்குகளையும் கழற்றிவிட்டு, எண்ணெய் அழுத்தம் ஏறும் வரை ஸ்டார்ட்டரில் சுற்றினோம்.

அப்புறம் சாவி. சில நொடி டேப்பட் கடகடத்து அடங்கியது. ஐடிலிங்கில் விடாமல் இருபது நிமிடம் 1500க்கும் 2500க்கும் நடுவே ஏற்றி இறக்கி ஓட்டினோம். லோப்புக்கும் டேப்பட்டுக்கும் முதல் பழக்கம் அந்த நேரத்தில்தான். எண்ணெயை உடனே மாற்றி, 502 00 தரக் குறியீடு உள்ள 5டபிள்யூ-40 ஊற்றினோம்.

கம்ப்ரஷன் முன்பு நான்கிலும் பதினொன்றரை பார் அருகில் இருந்தது. இப்போது பதினொன்றுக்குச் சற்றுக் கீழே, நான்கும் ஒரே மாதிரி. இன்டேக் வால்வு தாமதமாக மூடுவதால் மெல்லச் சுற்றும்போது கொஞ்சம் காற்று திரும்பிப் போகும், எதிர்பார்த்ததுதான். நான்கில் ஒன்று மட்டும் குறைந்திருந்தால்தான் பயப்பட வேண்டும். ஐடிலிங் லேசாக நடுங்குகிறது, ஏசி போட்டால் தெரியும்.

ரோட்டில் அளந்தது காலாப்பட்டு தாண்டி மரக்காணம் பக்கம் போகும் ஈசிஆரில், விடிவதற்கு முன் ஆளில்லாத நேரத்தில். மூன்றாம் கியர், 2500லிருந்து மேலே. விசிடிஎஸ்ஸில் (எஞ்சின் கம்ப்யூட்டரைப் படிக்கும் மென்பொருள்) மூன்று விஷயம் பார்த்தேன். 115ஆம் தொகுதியில் கேட்ட பூஸ்ட்டும் கிடைத்த பூஸ்ட்டும். 020இல் ஒவ்வொரு சிலிண்டருக்கும் நாக் காரணமாகப் பின்வாங்கும் இக்னிஷன் டிகிரி, 0.75இன் மடங்குகளாக வரும். கூடவே காற்றின் எடை. இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் என்பதால் காற்று-எரிபொருள் விகிதம் காட்டும் வைட்பேண்ட் மீட்டரில் 14.7 என்ற பழைய பெட்ரோல் கணக்கை விட்டுவிட்டு லாம்டாவாகவே (எந்த எரிபொருளுக்கும் சரியான விகிதம் 1 என்று வைக்கும் அளவு) படித்தேன்.

பழைய கேமில் காற்று வினாடிக்கு 160 கிராமில் நின்றுவிடும், 5500க்கு மேல் கீழே இறங்கும். இப்போது 172, அதுவும் 6400 வரை இறங்காமல். 0.8ஆல் வகுத்தால் குதிரைத் திறன் உத்தேசமாக வரும் என்று ஒரு குத்துமதிப்புக் கணக்கு உண்டு. அதன்படி பதினைந்து கூடியிருக்கிறது. டைனோ (பவரை அளக்கும் மேடை) ரசீது இல்லாமல் அந்த எண்ணை யாரிடமும் பெருமையடிக்க மாட்டேன். சுவாரசியமானது பூஸ்ட். மேலே முன்பைவிட 0.08 பார் குறைவாகக் காட்டியது, காற்றோ அதிகம். பூஸ்ட் என்பது உள்ளே போக முடியாமல் நிற்கும் காற்றின் அழுத்தம்தானே, வழி திறந்தால் குறையத்தான் செய்யும். நாக் பின்வாங்கல் எல்லாச் சிலிண்டரிலும் மூன்று டிகிரிக்குள். கீழே 2800 வரை முன்பைவிட ஒரு நூல் மந்தம், டவுனுக்குள் ஓட்டும்போது தெரிகிறது. மேப்பை இதற்கேற்றபடி திருத்தினால் அதில் பாதியை மீட்கலாம்.

ஆயிரம் கிலோமீட்டரில் எண்ணெய் ஃபில்டரை வெட்டி விரித்து, மடிப்புகளில் காந்தம் வைத்துத் தடவிப் பார்த்தோம். வழக்கமான சாம்பல் நிறப் பசை மட்டும், மினுக்கும் துகள் இல்லை. வால்வு கவரைத் திறந்து இருபது லோப்பையும் டார்ச் அடித்துப் பார்த்தோம். கறுப்புப் பூச்சு மேலே ஒரே சீராகத் தேய்ந்து பளபளத்தது, ஓரத்தில் மட்டும் தேய்ந்த லோப் ஒன்றும் இல்லை. செயின் உருளைகளை அண்ணன் இன்னொரு தரம் எண்ணிவிட்டுத்தான் கவரை மூடினார்.